முழு ஊரும் ஒரே படத்தில்

(கத்திவாக்கத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச வந்திருப்பது பனோரமா படங்களைப் பற்றி. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே படத்தில் அடக்க நாம் பயன்படுத்துகிற வசதிதான் அது. இந்த அரங்கில் இருக்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கும். அதைக் கொண்டு இந்த ஊரார் சேர்ந்து ஒரு படத்தொகுப்பை உருவாக்க வேண்டும், அதை ஊராரே வைத்துக் காத்து நடத்த வேண்டும் என்பது என் கோரிக்கை. படம் எடுப்பது ஒரு மாலைநேர வேலை. நடத்துவது பல வருட வேலை. ஆகவே எடுப்பதைவிட நடத்துவதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசுவேன்.

முதலில், ஏன் பனோரமா? நம் எண்ணூரைப் பற்றி வெளியே போகிற படங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் புகைபோக்கி மட்டும் இருக்கும். இன்னொன்றில் வலை வீசுகிற மீனவர் மட்டும் இருப்பார். மூன்றாவதில் சாம்பல் படிந்த சேறு. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் புகைபோக்கிப் படத்தைப் பார்ப்பவருக்கு அதன் காலடியில் ஆறு ஓடுவது தெரியாது. மீனவர் படத்தைப் பார்ப்பவருக்கு அவருடைய முதுகுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது தெரியாது. படம் எடுப்பவர் எதை விளிம்புக்கு வெளியே தள்ளினார் என்பதைப் பார்ப்பவரால் கேட்கக்கூட முடியாது.

முகத்துவாரப் பாலத்தின் மேல் நின்று ஒரு சுற்று திரும்புங்கள். கிழக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற வாய். வடக்கே வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கு அப்பால் 2001இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம். மேற்கே கழிமுகத்தின் அகன்ற நீர், ரயில் பாலம். தெற்கே திரும்பினால் குப்பங்கள், படகுகள், காய்கிற வலைகள். 1970இல் தொடங்கி 2017இல் நிறுத்தப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்த இடமும் அந்தப் பக்கம்தான். இந்த நான்கு திசையும் ஒரே நீரால் இணைந்தவை. அந்த இணைப்பைக் காட்டாத எந்தப் படமும் இந்த ஊரின் படம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

அகன்ற காட்சி என்பது பிறக்கும்போதே மக்கள் கையில் பிறந்ததில்லை. 1787இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுக்க ஒரே காட்சியை வரைந்து, நடுவில் நிற்பவருக்கு அந்த இடத்திலேயே நிற்பது போன்ற உணர்வைத் தரும் முறைக்கு பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். நாடகம் பார்க்கப் போவதைப் போல ஜனங்கள் கட்டணம் கொடுத்துப் போய்ப் பார்த்தார்கள். 1800இல் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற ஓவியர் லண்டனில் ஒரு பிரம்மாண்டமான படத்தைக் காட்சிக்கு வைத்தார். 120 அடி நீளம். அதில் இருந்தது ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்த காட்சி, அதாவது 1799 மே 4, திப்பு சுல்தான் கொல்லப்பட்ட நாள். போர்ட்டர் அந்தக் கோட்டையைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. வந்து பார்த்த கூட்டமும் பார்த்ததில்லை. அந்தக் கோட்டைக்குள் வாழ்ந்தவர்களில் ஒருவரிடமும், இப்படித்தான் நடந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாத் திசையையும் காட்டுகிற படம்கூட யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உண்மை பேசும்.

அடுத்தது நம் மண்ணில் நடந்தது. என் மனதுக்கு மிக நெருக்கமானது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டுகளைப் படமாக்க வேண்டும். எழுத்து நீளவாக்கில் ஓடுகிறது, ஒரு படத்தில் அடங்காது. அவர் என்ன செய்தார் தெரியுமா? கேமராவை ஓரிடத்தில் நிறுத்திச் சுழற்றவில்லை. சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்தார். இருபத்தொரு படங்கள். அவற்றை வரிசையாக ஒட்டியபோது சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது. அன்றைக்கு பிலிம் கிடையாது. மெழுகு ஏற்றிய தாளில்தான் நெகட்டிவ். ஒவ்வொரு தாளையும் தயாரித்து, வெளிச்சம் காட்டி, கழுவி எடுக்க வேண்டும். தஞ்சாவூர்க் கோடை வெயில் வேறு. அத்தனை தொல்லைக்கு நடுவிலும் ஒரு படத்தின் முடிவும் அடுத்த படத்தின் தொடக்கமும் பொருந்தும்படி அவர் எடுத்திருக்கிறார்.

இந்த டிரைப் கதையிலிருந்து நமக்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, அவருடைய முறை. நின்று சுழன்று எடுப்பது ஒரு வகை, நடந்துகொண்டே எடுப்பது இன்னொரு வகை. கழிமுகத்துக்கு முதல் வகை போதும். ஆனால் எர்ணாவூரிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் வரிசையாக இருக்கும் குப்பங்களுக்கும் கடற்கரைக்கும் இரண்டாவது வகைதான் சரி. பெரியகுப்பம், சின்னக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று கரையோடு நடந்தபடி எடுக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரைகளைக் கடல் அரித்தது. இதைப் பொறியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த வீட்டு வாசலிலிருந்து கடல் எத்தனை அடி தள்ளி இருந்தது, இன்றைக்கு எத்தனை அடி என்று காட்டுகிற தொடர்ச்சியான படம் ஊரார் கையில் இல்லை. இந்தப் பகுதியின் பெரியவர்கள் கோயில் இருந்த இடத்தையும் வலை காய்ந்த மணலையும் கடலுக்குள் கைகாட்டிச் சொல்வார்கள். அந்தக் கை நீட்டலுக்கு ஆதாரம் வேண்டும்.

இரண்டாவது விஷயம், டிரைப்பின் வேலை எப்படி முடிந்தது என்பது. 1860இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அரசுக்கு இது தேவையில்லாத செலவு என்று முடிவெடுத்தார். அதோடு அந்தப் பணி நின்றது. ஒரு அதிகாரியின் கையெழுத்து போதுமானதாக இருந்தது.

அரசு வேண்டாம், தனியார் நிறுவனம் நடத்தினால் நிலைக்குமே என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. 2005இல் ஸ்பெயினில் ஹோவாகின் குவென்கா, எதுவார்தோ மஞ்சோன் என்ற இருவர் பனோரமியோ என்ற தளத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் எடுத்த படத்தை, அதை எடுத்த இடத்தில் உலக வரைபடத்தின் மேல் வைக்கலாம். 2007 மார்ச்சுக்குள் பத்து லட்சம் படங்கள் சேர்ந்தன. அந்த வருடமே கூகுள் அதை வாங்கியது. கூகுள் எர்த்தில் ஊர்களின் மேல் சின்னச் சின்னப் படங்கள் தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அவை அங்கிருந்து வந்தவை. 2014இல் அதை மூடப் போவதாகப் பேச்சு எழுந்தது. தொடங்கிய இருவருமே பயனர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். கொஞ்ச காலம் தள்ளிப்போனது. 2016 நவம்பர் 4 அன்று மூடிவிட்டார்கள்.

படங்கள் பெரும்பாலும் எடுத்தவர்களிடம் இருந்திருக்கும். போனது எது என்று கேட்டால், ஒரு படத்தின் கீழே இன்னொருவர் வந்து, இது அந்தக் குளம் இல்லை, பக்கத்து ஊர்க் குளம் என்று திருத்திய திருத்தங்கள் போயின. ஒரே இடத்தை ஐந்து பேர் ஐந்து காலத்தில் எடுத்த படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த அடுக்கு போனது. முன்பின் தெரியாத மனிதர்கள் பல வருடம் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது. அதை உருவாக்கியவர்களால்கூட அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அரசும் நிறுவனமும் மட்டும்தானா வழி? இல்லை. 2004இல் அமெரிக்காவில் டான் பெயின், லாண்டிஸ் பென்னெட் என்ற இருவர் 'வேர்ல்டு வைட் பனோரமா' என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளையொட்டி, உலகத்தின் பல மூலைகளிலும் இருப்பவர்கள் அவரவர் இடத்தில் ஒரு முழுச்சுற்றுப் பனோரமா எடுத்து அனுப்பினார்கள். முழுக்கத் தன்னார்வலர் வேலை. நாள் ஒன்று, விதி ஒன்று, இடம் அவரவருடையது. அதே காலத்தில், 2005இல், பிரிட்டனில் ஜியோகிராஃப் என்ற கூட்டுமுயற்சி தொடங்கியது. நாட்டையே ஒரு கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் படம் சேர்க்கிறார்கள். படங்கள் எல்லாம் பொது உரிமத்தில் இருக்கின்றன. நடத்துகிற அமைப்பு நாளை நின்றுபோனாலும் இன்னொருவர் எடுத்துத் தொடரலாம். எளிய விதி, குறித்த நாள், பொது உரிமம் ஆகிய மூன்றும் இருந்தால் பணம் குறைவாக இருந்தாலும் ஒரு தொகுப்பு நிலைக்கும் என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் தாரைப் போன்ற எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், கூழைக்கடாவின் இறகு வரை கறுத்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். இந்த ஒவ்வொரு நிகழ்விலும் இங்கே நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் படம் பிடித்தன. அவை எங்கே? வாட்சாப் குழுக்களில் மூன்று நாள் ஓடின. பிறகு பாதி பேர் நினைவகம் நிறைந்துவிட்டது என்று அழித்திருப்பார்கள். மீதி எந்தத் தேதி, எந்த இடம் என்று யாருக்கும் தெரியாமல் கிடக்கின்றன.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தக் கழிமுகமே ஒரு வரைபடத்தில் காணாமல் போன கழிமுகம். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மண்டலத் திட்ட வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. பின்னால் அரசுத் துறை தந்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கப் போராடியவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு தாளில் கோட்டை அழித்தால் ஆறு வறண்டுவிடாது. ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் அனுமதிகள் வழங்கப்படுகின்றன. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்ததற்கு மின் வாரியத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை மனுக்கள், எத்தனை ஆய்வுக் குழுக்கள், எத்தனை நீர் மாதிரிகள்! வருடத்துக்கு இரண்டு தேதியில், அதே இடத்தில், அதே உயரத்தில் எடுத்த பனோரமாக்கள் இருபது வருடத்துக்கு வரிசையாக இருந்திருந்தால், சாம்பல் எந்த வருடம் எந்தக் கரையில் எவ்வளவு ஏறியது என்பதை ஒரு பள்ளி மாணவரே கைகாட்டியிருப்பார்.

இங்கே கலைஞர்கள் வந்து செய்த பணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' காணொலி 2017 ஜனவரியில் வெளிவந்தபோதுதான் தென்சென்னையில் பலர் இந்தக் கழிமுகத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். புகைப்படக் கலைஞர் பழனி குமார் கழிமுகத்தில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களைப் பல காலம் பின்தொடர்ந்து எடுத்தார். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தந்தவரும் அவர். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வருகிறவர்கள் போய்விடுவார்கள். ஊரில் இருப்பவர்கள் எடுக்கிற படம் வேறு.

எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியின் பனோரமா வசதியைவிட, தனித்தனிப் படங்களாக எடுத்துப் பின்னால் கணினியில் இணைப்பது நல்லது. ஹுகின் என்ற மென்பொருள் இலவசம், அதற்கே போதும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுங்கள். வலை பின்னும்போது கண்ணோடு கண் சேர்ப்பது போல, ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது திரும்ப வர வேண்டும். இல்லையென்றால் இணையாது. கைப்பேசியைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுற்றாதீர்கள். கைப்பேசி அதே இடத்தில் நிற்க, நீங்கள் அதைச் சுற்றி நகருங்கள். அப்போதுதான் பக்கத்தில் இருக்கும் கம்பியும் தூரத்தில் இருக்கும் புகைபோக்கியும் இடம் மாறாமல் பொருந்தும். வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கடல் பக்கம் வெளுத்தும் ஊர்ப் பக்கம் கறுத்தும் வரும். பாலத்தில் லாரி போகும்போது எடுக்காதீர்கள், அதிரும். இவ்வளவுதான். மீதி பழகினால் வந்துவிடும்.

இப்போது நடத்துவதற்கு வருகிறேன். இதில்தான் தொகுப்புகள் வாழ்வதும் சாவதும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்து, ஊர், கோயில், சிலை, தேதி என்று அட்டவணைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு நடராசர் இருந்தார். திருடுபோனார். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஒரு நடராசரை வாங்கியது. அது ஸ்ரீபுரந்தான் நடராசர்தான் என்பதை நிறுவ உதவியது, புதுச்சேரி நிறுவனத்தில் இருந்த 1994ஆம் ஆண்டுப் படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே இந்தியாவுக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். அந்தப் படம் பெரிய கலைப்படைப்பு அல்ல. யாரும் அதற்குப் பரிசு தரவில்லை. ஆனால் அதில் ஊர்ப் பெயர் இருந்தது, வருடம் இருந்தது, தேடினால் கிடைக்கும் இடத்தில் இருந்தது. பல வருடம் ஒருவரும் கேட்காத படம், கேட்ட நாளில் பதில் சொன்னது.

ஆகவே நமது தொகுப்பில் ஒவ்வொரு படத்தோடும் நாள், நேரம், நின்ற இடம், எடுத்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அவற்றோடு இந்த ஊருக்கே உரிய தகவலும் வேண்டும். நீர் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா? அன்று வீசிய காற்று வாடையா, கச்சானா, கொண்டலா? நீர் வற்றிய நேரத்தில் எடுத்த படத்தையும் ஏறிய நேரத்தில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து ஆறு சுருங்கிவிட்டது என்று சொன்னால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அதைக் கிழித்துவிடுவார். காற்றையும் நீரையும் பார்த்துச் சொல்ல நம் மீனவர்களைவிட யாரால் முடியும்? படம் எடுக்கிறவர் கல்லூரித் தங்கையாக இருக்கலாம். பக்கத்தில் நின்று குறிப்புச் சொல்கிறவர் தாத்தாவாக இருக்கட்டும். அவர் கழிமுகத்தின் ஒவ்வொரு திட்டுக்கும் ஒவ்வொரு மடுவுக்கும் வைத்திருக்கிற பெயர் அரசு வரைபடம் எதிலும் இருக்காது. அந்தப் பெயர்களும் படத்தோடு சேர்ந்து பதிவாகட்டும்.

வாட்சாப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தையும் இடத்தையும் நீக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கேபிள் போட்டு நேராக ஏற்றுங்கள். இணைத்து முடித்த பனோரமா மட்டும் போதும் என்று மூலப் படங்களை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் எண்ணும் இருக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். படம் வந்து சேர்ந்த அன்றே அந்த எண்ணைக் குறித்து வைக்கிற பழக்கம் நமக்கு வேண்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

படங்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரு பிரதி இணையத்தில், பொது உரிமத்தோடு. ஒரு பிரதி இங்கே ஊரில் ஒரு ஹார்டு டிஸ்கில். இன்னொன்று வெள்ளம் எட்டாத வேறு ஊரில், நம்பிக்கையான ஒரு நூலகத்திலோ கல்லூரியிலோ. 2015 சென்னை வெள்ளத்தையும் மிக்ஜாமையும் பார்த்த பிறகு இதற்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அனுமதி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பனோரமாவில் எல்லாத் திசையும் வருவதால், நீங்கள் குறிவைக்காதவர்களும் வந்துவிடுவார்கள். சேற்றில் இடுப்பளவு நீரில் வேலை செய்கிற அக்காவின் முகத்தை அவர் சம்மதம் இல்லாமல் உலகத்துக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. கேளுங்கள். வேண்டாம் என்றால் முகத்தை மறையுங்கள், அல்லது அவர் நகர்ந்த பிறகு எடுங்கள். குழந்தைகளின் முகம் எப்போதும் வேண்டாம். வெளியிட்ட பிறகு ஒருவர் வந்து நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் பொதுப் பார்வையிலிருந்து நீக்க வேண்டும். துறைமுகம், மின் நிலையம் ஆகியவற்றின் வேலிக்குள் போய் எடுக்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். பொதுச்சாலையிலிருந்தும் கரையிலிருந்தும் தெரிவதே நமக்குப் போதுமானதைவிட அதிகம்.

அடுத்து, சண்டைகள். பலர் கூடி நடத்துகிற எந்தத் தொகுப்பிலும் சண்டை வரும். எந்தக் குப்பத்தின் பெயரை எந்த எல்லைவரை போடுவது என்று வரும். ஊரைக் கேவலப்படுத்துகிறீர்கள், சாம்பலையே காட்டுகிறீர்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழகான சூரிய உதயத்தை மட்டும் போட்டு உண்மையை மறைக்கிறீர்கள் என்று இன்னொருவர் சொல்வார். இதற்கு என் தீர்வு ஒன்றுதான்: படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுங்கள். அன்று அங்கே நின்றால் என்ன தெரிகிறதோ அது வரட்டும். உதயமும் வரும், சாம்பலும் வரும், திருவிழாப் பந்தலும் வரும். பெயர்த் தகராறு வந்தால் இரண்டு பெயரையும் போடுங்கள், யார் எந்தப் பெயரைச் சொன்னார் என்றும் எழுதுங்கள்.

போட்டி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பரிசு வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி வானத்தைத் தேடிப் போவார்கள். பரிசு கிடைக்காத பையன் அடுத்த வருடம் வரமாட்டான். லைக் எண்ணிக்கையும் அப்படித்தான். இந்தத் தொகுப்பில் மிக மதிப்புள்ள ஆள், ஒரே சலிப்பான இடத்தில் பத்து வருடம் விடாமல் நின்று எடுத்தவராகத்தான் இருப்பார்.

நடத்துகிற பொறுப்பு ஒருவரிடம் தங்கக் கூடாது. கடவுச்சொல் ஒரே ஆளிடம் இருந்து, அவர் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டால் எல்லாம் முடிந்தது. மூன்று பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் 25 வயதுக்குக் கீழேயும் இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறட்டும். செலவுக் கணக்கு கோயில் கணக்கைப் போல எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டப்படட்டும். தொழிற்சாலைகளிடமோ கட்சிகளிடமோ நன்கொடை வாங்காதீர்கள். செலவு அதிகம் ஆகாது, நாமே பகிர்ந்துகொள்ளலாம்.

2022இல் கூகுள் வீதிக்காட்சி சென்னை உட்பட பத்து நகரங்களில் வந்துவிட்டதே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒரு தம்பி கூட்டம் தொடங்கும் முன் கேட்டார். நல்ல கேள்வி. அந்த வண்டி சாலையில் போகும். கழிமுகத்தில் சாலை இல்லை. வண்டி எந்த நாளில் வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, எண்ணெய் வந்த மறுநாள் காலையில் அது வராது. பழைய படத்தை வைத்திருப்பதா நீக்குவதா என்பதும் அவர்கள் முடிவு. பனோரமியோவை மூடியதும் அதே நிறுவனம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வருகிற மார்ச் 20, பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் நாள். அன்று காலை ஆறரை மணிக்கு ஐந்து இடங்களில் ஐந்து குழுக்கள் நிற்கட்டும்: முகத்துவாரப் பாலம், காட்டுக்குப்பம் படகுத்துறை, தாழங்குப்பம் கரை, நெட்டுக்குப்பம் கரை, கத்திவாக்கம் ரயில் நிலையம். நின்ற இடத்தில் பெயிண்டால் ஒரு சிறு வட்டம் போட்டு வையுங்கள், அடுத்த முறை வருகிறவர் அதே வட்டத்தில் நிற்கட்டும். செப்டம்பர் 22 அல்லது 23இல் மறுபடியும் எடுங்கள். நடுவில் புயலோ கசிவோ வந்தால், முதலில் உயிரைக் காத்துக்கொள்ளுங்கள், பிறகு அதே வட்டத்தில் போய் நில்லுங்கள். இன்று கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு நோட்டு இருக்கும். உங்கள் பெயரையும், எந்த இடத்தில் நிற்க உங்களால் முடியும் என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.